நரி மந்திரி பூட்டிய குரூப்

“என் குட்டிக்கு வயிற்றால் போகிறது, நீ தாமரைப் பூ அனுப்புகிறாய்!”

நரி காது கேட்காததுபோல் நின்றது. மான் விடவில்லை. இன்னும் உரக்கச் சொன்னது: “என் குட்டிக்கு வயிற்றால் போகிறது, நீ தாமரைப் பூ அனுப்புகிறாய்!”

நரிதான் அந்தக் காட்டின் சுகாதார மந்திரி. நோய்நொடி பற்றிச் சொல்வதற்காக யானை ராஜா எல்லா மிருகங்களுக்கும் செல்போன் கொடுத்து, ஒரு குரூப்பும் ஆரம்பித்துக் கொடுத்திருந்தது. நல்ல யோசனைதான். அதை நரியிடம் ஒப்படைத்ததுதான் தப்பு. தான் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் பார்க்கலாம் என்று நரி அதைப் பூட்டிவிட்டது. காலையில் வணக்கம் சொல்லும் தாமரைப் பூப் படம். மத்தியானம் ராஜா படம். படத்துக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில், ‘குளம்பைக் கழுவுங்கள்.’

“கழுவச் சொல்லியிருக்கிறேனே, பார்க்கவில்லையா?” என்றது நரி.

“கழுவிக் கழுவிக் குளம்பே தேய்ந்துபோச்சு! அப்புறமும் நிற்கவில்லையே, அதை யாரிடம் சொல்ல? குரூப்பைத் திற!”

“ஆளாளுக்குப் பேசினால் பீதி கிளம்பும், அம்மா.”

“பீதியா? என் குட்டி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. கண் உள்ளே போய்விட்டது!”

சத்தம் கேட்டு ராஜாவே வந்துவிட்டது. “திறந்துதான் விடேன், மந்திரி. என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவார்கள்” என்றது. நரியால் மறுக்க முடியவில்லை.

திறந்ததும் ஒரே கூச்சல். “வாலில் எலுமிச்சம்பழம் கட்டினால் நின்றுவிடும். எல்லோருக்கும் அனுப்புங்கள்!” என்று குரங்கு எழுதியது. பன்றி அதை அப்படியே எல்லோருக்கும் அனுப்பியது. படித்துப் பார்த்துவிட்டா அனுப்பியது? அதெல்லாம் கிடையாது.

அப்போது வைத்தியம் பார்க்கும் கரடியின் குரல் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் கேட்கட்டும் என்று பேசியே அனுப்பியிருந்தது.

“எலுமிச்சையைத் தூக்கிப் போடுங்கள்! சுனைத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, குட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வயிறு சரியில்லாதவர்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எங்கே தண்ணீர் குடித்தீர்கள்?”

“மருத மரத்தடி ஓடையில்” என்றது முயல். பன்றியும் அதையே சொன்னது. மானும் குட்டியை அங்கேதான் கூட்டிப் போயிருந்தது. சுனையில் குடித்த அணிலுக்கு ஒன்றுமில்லை.

காகம் பறந்துபோய், மருத மரத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், ஓடையைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டது. அது ராஜா குளிக்கிற துறை. அங்கே குளிப்பது மட்டுமா நடந்தது? உருண்டை உருண்டையாக லத்தி மிதந்தது.

“அந்தப் படத்தை அழி!” என்று நரி அலறியது.

“எல்லார் கைக்கும் போயாச்சு, மந்திரியாரே!” என்றது காகம்.

ராஜா தன் போனில் படத்தை உற்றுப் பார்த்தது. தும்பிக்கை தொங்கிப்போயிற்று. “என்னுடையதுதான்” என்றது. அன்றே தன் துறையை, எல்லோரும் குடிக்கிற இடத்துக்கு வெகு கீழே மாற்றிக்கொண்டது. இனி குரூப்பை யாரும் பூட்டக் கூடாது என்றும் உத்தரவு போட்டது.

மான் குட்டி உப்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து, சாயங்காலம் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றது.

ஊருக்குப் புத்தி சொல்ல எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், ஊர் திருப்பிச் சொல்வதைக் கேட்காவிட்டால் நோயும் தீராது, ஆட்சியும் திருந்தாது.

மறுநாள் காலை தாமரைப் பூ வரவில்லை. ராஜாதான் குரூப்பில் எழுதியிருந்தது: “கீழ்த்துறையில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பழைய துறையில் குளித்துக்கொள்ளட்டுமா?”

எல்லோரும் பார்த்தார்கள். குரூப் திறந்தே இருந்தும், ராஜாவிடம் ‘கூடாது’ என்று எழுத யாரும் துணியவில்லை.