பவளத்துக்கு இலை போட்டவர்கள்

கூத்தன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாசானம் மெஸ் இருக்கிறது. அதற்கு எதிரில் என் எலக்ட்ரிக் கடை. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு மெஸ்ஸில்தான் மத்தியானச் சாப்பாடு. எல்லோருக்கும் ரசம் இரண்டாம் தடவை வரும். வாளி என் இலைக்கு வரும்போது மட்டும் காலியாகிவிடும். இதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுகிறவன் இல்லை.

மெஸ்ஸில் மூன்று பேர். மாசானம் அடுப்பு மாஸ்டர். அவர் மச்சினன் பிச்சையா சரக்கு வாங்கி, காய் வெட்டுகிறவன். தளவாய் பரிமாறுகிறவன். மூன்று பேருக்கும் ஒரே சட்டம்: தாங்கள் ருசி பார்க்காத எதையும் அடுத்தவர் இலையில் வைக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், சாம்பாருக்கு.

கட்டடம் ஞானசௌந்தரி டீச்சருடையது. ரிட்டையர் ஆனபின் அவருக்குக் கடல் தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஆசை வந்தது. நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. மாடிப்படி வளைவில் ஏறவில்லை என்று மெஸ்ஸின் முன்பக்கமே வைத்துவிட்டார்கள். உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இரண்டு மீன், ஒரு கல், கல்லின் மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பவளம். நன்றாக இருந்தால் குடைக்காளான் மாதிரி விரிந்து நிற்கும்.

எல்லாம் வாங்கினார், லைட்டு மட்டும் பாக்கி. சென்னைக் கடையில் சொன்ன விலைக்கு அவர் ஒரு வீட்டுக்கே வயரிங் பண்ணியிருக்கலாம். விலை குறைந்ததாக ஒன்று வரவழைக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார். அது வருவதற்குள் மதுரையில் மகளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. டீச்சர் காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே பேசினார்.

"மாசானம், நல்லாக் கேட்டுக்கோ. இது கல்லு இல்ல, செடியும் இல்ல, உயிர். வெளிச்சந்தான் இதுக்குச் சாப்பாடு. நீலம் நெறைய, வெள்ளை கொஞ்சம். தினம் எட்டு மணி நேரம். மொத நாளே முழுசாக் குடுத்தாத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். அண்ணாச்சி கடையில லைட்டு வந்ததும் வாங்கி மாட்டு."

"சரி டீச்சரம்மா."

"செல்போன் கடைக்காரன் இந்த இடத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான். நான் திரும்பி வரும்போது பவளம் விரிஞ்சிருந்தா உங்களுக்கு இன்னும் மூணு வருஷம். சுருங்கிக் கெடந்தா சாவியக் குடுத்துருங்க."

கார் போனது. மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"சாப்பாடுன்னு சொல்லிட்டாவ. அப்போ நம்ம தொழில்தான், பயமில்ல" என்றார் மாசானம்.

"அத்தான், வெளிச்சம் சைவமா அசைவமா?" என்று கேட்டான் பிச்சையா.

மாசானம் யோசித்தார். "சூரியன் சைவம். கோழிக்கடையில எரியுற பல்பு அசைவம்."

"இது கடல்ல பொறந்தது. அசைவந்தான் சாப்பிடும்" என்றான் தளவாய்.

"டீச்சரம்மா செவ்வாக்கிழம கறி தொட மாட்டாவளே. அவங்க வீட்டுப் பிள்ளை எப்படிடே தொடும்?" என்றார் மாசானம்.

பவளம் சைவம் என்று முடிவாகச் சரியாக ஒரு மணி நேரம் ஆனது. அடுத்தது நீலம். பிச்சையா சமையற்கட்டைக் காட்டினான். "நீலத்த ஏன் வெளிய தேடணும்? நம்ம கேஸ் அடுப்புல எரியுறது என்ன?"

அதைவிட மலிவான லைட்டு உலகத்தில் கிடையாது என்று மூன்று பேருக்கும் சந்தோஷம். ஒற்றை அடுப்பைத் தூக்கி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் பற்றவைத்தார்கள். கண்ணாடி சுட்டது. மீன்கள் இரண்டும் அடுத்த மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றன. தளவாய் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இன்னும் கொஞ்ச நேரம் போனா புளி கரைச்சு ஊத்திரலாம்" என்றான். அடுப்பு உள்ளே போனது.

மறுநாள் லைட்டு வந்தது. கடல் தொட்டிக்கென்றே செய்தது. நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு, வேண்டிய அளவு கூட்டலாம், குறைக்கலாம். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களுக்கு இதுவே தாராளம். ஆள் அனுப்பினேன். மூன்று பேரும் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார்கள்.

"போடுங்க அண்ணாச்சி" என்று மாசானம் ஸ்டூலில் உட்கார்ந்து, லைட்டுக்குக் கீழே வாயைத் திறந்தார்.

"என்னவே இது?"

"ருசி பாக்கணும்லா."

"அது பவளத்துக்குவே. உமக்கு இல்ல."

"நாங்க தொடாதத அடுத்தவங்களுக்கு எப்படி வைக்கது? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு."

அவர் வாயை மூடிச் சப்புக்கொட்டினார். "உப்பு இல்ல. நாக்குல நிக்க மாட்டேங்குது."

பிச்சையா உட்கார்ந்தான். பத்து நிமிஷம். "அத்தான், வயிறு அப்பிடியே இருக்கு."

பிறகு கடையில் இருந்த எல்லாவற்றையும் போட்டுக்காட்டச் சொன்னார்கள். டியூப் லைட்டு பழைய சோறு மாதிரி இருந்ததாம். மஞ்சள் பல்பில் காரம் அதிகமாம். ஃபோகஸ் லைட்டைப் பார்த்த தளவாய்க்குப் புரையேறி, நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பதினேழு ருசி பார்த்து, பதினெட்டாவதாக நீல ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றை வாங்கினார்கள். "இதுதான் பத்தியச் சாப்பாடு மாதிரி லேசா இருக்கு" என்றார் மாசானம். என் கடையில் பதினேழு விளக்கு எச்சில் பட்டு நின்றன. தேதியை மட்டும் சுவரில் குறித்துவைத்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லியிருந்ததால் முதல் நாள் ஒரு தீக்குச்சி கொளுத்திக் காட்டினார்கள். இரண்டாம் நாள் இரண்டு தீக்குச்சி. மூன்றாம் நாள் ஜீரோ பல்பு. அதையும் ஒரேயடியாக மாட்டி விடவில்லை. தளவாய் பல்பை வயரோடு கையில் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்து, "வைக்கட்டுமா? இன்னுங் கொஞ்சம்?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினான். வெள்ளை கொஞ்சம் போதும் என்றதால், கடைசியில் மோர் ஊற்றுகிற நேரத்துக்கு டார்ச்சை இரண்டு தரம் அடித்தான்.

ஐந்தாம் நாள் பவளம் சுருங்கி, ஓரமெல்லாம் உள்ளே மடிந்து, அவித்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. எட்டிப் பார்த்த எனக்கே பாவமாக இருந்தது. தளவாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மாஸ்டர், இலைய மடிச்சிட்டுது. வயிறு நெறஞ்சிருச்சு."

மாசானம் குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கம் மடிச்சிருக்குன்னு பாரு. நம்ம பக்கமா மடிச்சாத்தான் திருப்தி. அந்தப் பக்கமா மடிச்சா செத்த வீட்டுத் துஷ்டிச் சாப்பாடு."

"நாலு பக்கமும் மடிச்சிருக்கு அத்தான்."

"அப்போ நாலு வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்ட திருப்தி. போதும், இனி ஒண்ணும் வைக்காத. அஜீரணமாயிரும்."

பல்பைக் கழற்றி, தொட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள்.

மறுநாள் டீச்சர் போன் பண்ணினார். பேரன் பிறந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பவளம் விரிந்திருக்கிறதா?

"விரிஞ்சு, சாப்பிட்டு, மடிச்சும் போட்டுட்டுது டீச்சரம்மா" என்றார் மாசானம் பெருமையாக.

போனில் டீச்சர் பேசியது எதிர்க்கடையில் எனக்குக் கேட்டது. ஸ்பீக்கர் போட்டிருக்கவில்லை. மாசானம் போனைக் காதிலிருந்து எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது. அரை நிமிஷத்தில் மூன்று பேரும் என் கடை வாசலில் நின்றார்கள்.

"அண்ணாச்சி, நீங்கதான் காப்பாத்தணும். அடுப்பத் தூக்கிக்கிட்டு நாங்க எங்க போவோம்?"

யாரும் வாயைத் திறந்துகொண்டு லைட்டுக்குக் கீழே நிற்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அந்தத் தொட்டி லைட்டை நானே போய் மாட்டினேன். தண்ணீருக்கு ஒரு அடி மேலே. நீலத்தைக் கால்வாசி, வெள்ளையை ஒரு சுற்று. அவர்களைத் திருகைத் தொட விடாமல், தினமும் நானே போய் ஒரு கோடு கூட்டினேன். நாலாம் நாள் காலை பவளம் குடை பிடித்த மாதிரி விரிந்து நின்றது.

மாசானம் அதன் முன்னால் குனிந்து ஓரமெல்லாம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, ஒரு பருக்கை சோறு திங்கல. நாலே நாள்ல எப்பிடி விரிஞ்சிருக்கு பாத்தியா? இருபத்திரண்டு வருஷமா நாம சோறு போடுதோம். ஒருத்தனாவது இப்பிடி விரிஞ்சிருக்கானா?"

பிச்சையா விரல் விட்டு எண்ணத் தொடங்கி, கையை மடக்கிக்கொண்டான்.

அன்றைக்கே என்னிடம் அதே லைட்டில் இன்னும் ஆறு கேட்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வியாபாரி அதையெல்லாம் கேட்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியைப் பார்த்தார். பவளம் விரிந்திருந்தது, மீன்கள் அதற்குள் புகுந்து விளையாடின. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொன்னா சொன்னதுதான். மூணு வருஷம் உங்களுக்கு" என்றார். "காலையிலேர்ந்து பட்டினி மாசானம். ஒரு இலை போடு."

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. பதினைந்து பேர் இலை முன்னால், தண்ணீர் தெளித்துத் துடைத்து, அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு லைட்டு. இலையில் ஒன்றும் இல்லை. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. ஜன்னலையெல்லாம் சாக்கு போட்டு மூடியிருந்ததால் உள்ளே எல்லாமே நீலமாக இருந்தது.

"சாம்பார் எங்கப்பா?" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் அந்தக் காலம் டீச்சரம்மா. நீங்க சொல்லிக் குடுத்த சாப்பாடுதான் இது. மொதத் தடவங்கிறதால கால் திருகுதான் வைக்கேன்" என்றான் தளவாய்.

டீச்சர் வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் கரண்டு போய்விட்டது.

இருட்டில் மாசானத்தின் குரல் வந்தது. "சாப்பாடு தீந்துட்டுது. எல்லாரும் கைகழுவிக்கிடலாம்."

பதினைந்து பேரும் எழுந்து வரிசையாகப் போய்க் கைகழுவினார்கள். கடைசியாக வந்த உரக்கடைக்காரர், நீளமாக ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திப் போட்டுக்கொண்டார்.