பஞ்சை நனைத்த ஆள்

"சிஸ்டர், எனக்குப் பதிலா ஆண்டவர் செத்தாருல்லா? அது மாதிரி என் வீட்டுக்காரிக்குப் பதிலா நான் செத்தா ஆகாதா?"

தொம்மை இப்படிக் கேட்டபோது தபசு சிஸ்டர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

தேரிக்காட்டின் செம்மணலில் ஒரு சின்னக் கோயில், பக்கத்தில் ஒரு அறை. மடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே தனியாக வந்து இருக்கிறவர் தபசு சிஸ்டர். வயது தொம்மையைவிடக் குறைவுதான். ஆனாலும் மனதுக்குப் பாரமென்றால் சுற்றுவட்டாரத்துச் சனம் அவரிடம்தான் வரும். வந்தவர்களுக்குக் கஞ்சி நிச்சயம் கிடைக்கும். பதில் கிடைப்பது அபூர்வம்.

தொம்மை, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று ஒரு பனைமரச் சிலுவையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். வீட்டில் மனைவி சலேத்து புற்றுநோயோடு படுத்திருந்தாள். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

உடனே தொம்மை நேர்ச்சை வைத்தார். தவக்காலத்து நாற்பது நாளும் தேரியில் தங்குவது. ஒருவேளைக் கஞ்சி. உச்சி வெயிலில் சிலுவையைச் சுமந்து, சிலுவைப் பாதையின் பதினான்கு தலத்தையும் முழங்காலால் கடப்பது. அவள் வலி தனக்கு வந்துவிட வேண்டும்.

தோளில் தோல் உரிந்தது. முழங்கால் புண்ணாயிற்று. செபிக்க வந்தவர்கள் பார்த்துக் கண்கலங்கினார்கள். ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்துக்கொண்டு போனார்.

சலேத்துவின் வலி சலேத்துவிடமே இருந்தது.

"சொல்லுங்க சிஸ்டர். ஒருத்தர் வலிய இன்னொருத்தர் வாங்கிக்கலாம்னுதானே வேதத்துல இருக்கு?"

"வாங்கிக்கிட்டாரு. எங்க நின்னு வாங்கிக்கிட்டாரு?"

"கல்வாரி மலையில."

"மோட்சத்துல இருந்தே வாங்கியிருக்கலாமே. எதுக்கு அவ்வளவு தூரம் இறங்கி வந்தாரு?"

தொம்மைக்கு இது புரியவில்லை. புரியாததில் கொஞ்சம் கோபமும் வந்தது.

"வீட்டுல அவங்க என்ன கேக்காங்க?" என்றார் சிஸ்டர்.

"தண்ணிதான் கேப்பா. குடிச்சா புரையேறிரும். துணிய நனைச்சு உதட்டுல வைக்கணும். வச்சா, நாக்கு வெளிய வந்து அந்தத் துணியத் தேடும் சிஸ்டர். என்னால அதப் பாக்க முடியல."

"இப்ப யாரு வைக்கா?"

"பக்கத்து வீட்டுப் பிள்ள வந்து வச்சிட்டுப் போகும்."

"மத்த நேரம்?"

தொம்மை எழுந்து சிலுவையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார்.

ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி வந்தது.

அன்று கோயில்களில் ஆண்டவர் பட்ட பாடுகளின் வரலாற்றைப் பாகம் பிரித்து வாசிப்பார்கள். கதை சொல்ல ஒருவர், கூட்டத்தின் குரலுக்கு ஒருவர், ஆண்டவரின் வார்த்தைகளுக்கு ஒருவர். அன்றைக்குச் சனமெல்லாம் அவரவர் பங்குக் கோயிலுக்குப் போயிருந்தது. தேரியில் இருந்தது இரண்டே பேர்.

"நல்லவேளை, இந்த வருஷம் நீங்க இருக்கீங்க," என்றார் சிஸ்டர். "இல்லன்னா எல்லாப் பாகமும் நான் ஒருத்தியேதான் வாசிக்கணும். நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லணும். சிரிப்பா இருக்கும். பிறகு அழுகையா வரும்."

ஒரு புத்தகத்தைத் தொம்மையிடம் நீட்டினார்.

"உங்களுக்கு எந்தப் பாகம் வேணும்?"

"ஆண்டவரோடது."

"எடுத்துக்கிடுங்க."

வாசித்தார்கள். தோட்டத்தில் ஆண்டவரைப் பிடித்தார்கள். விசாரித்தார்கள். அடித்தார்கள். தோளில் புண்ணோடு நின்ற தொம்மைக்கு ஒவ்வொரு வரியும் தனக்காகவே எழுதியது போல இருந்தது. குரல் கம்மியது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

சிலுவையில் அறைந்தார்கள். அருகில் சில பெண்கள் நின்றார்கள் என்று சிஸ்டர் வாசித்தார்.

தொம்மையின் முறை வந்தது.

"தாகமாயிருக்கிறது."

அடுத்த வரி சிஸ்டருடையது. அவர் வாசிக்கவில்லை.

தொம்மை காத்திருந்தார். கூரைத் தகடு காற்றில் தடதடத்தது. விரதத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டியிருந்தது.

"சிஸ்டர், உங்க வரி."

"தெரியும்."

வாசிக்கவில்லை.

தான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தொம்மை மறுபடி உரக்கச் சொன்னார்.

"தாகமாயிருக்கிறது."

வெளியே மணல் நகரும் சத்தம்தான் வந்தது. அந்த வார்த்தை பதிலில்லாமல் கோயிலுக்குள் அப்படியே நின்றது. தொம்மைக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. இவ்வளவு தனிமை அந்த வரியில் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"யாராவது வாசிங்க சிஸ்டர்."

"யாரு இருக்கா? இன்னைக்கு எல்லாரும் கோயில்லதான் இருப்பாங்க."

தொம்மை புத்தகத்தைப் பார்த்தார். எல்லாரும் கோயிலில்தான் இருப்பார்கள். தெருவே பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இந்நேரம் முன்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு இதே வரியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"சலேத்து," என்றார். அது வாசிக்கிற குரல் இல்லை.

புத்தகத்தை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். அங்கே நின்றார்.

"நான் போனா அவ பிழைச்சிருவாளா சிஸ்டர்?"

"மாட்டாங்க."

"அப்ப நான் போயி என்ன செய்ய?"

சிஸ்டர் புத்தகத்தில் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"இங்க யாரோ ஒரு ஆளு பஞ்ச நனைச்சு ஆண்டவர் உதட்டுல வைக்கான். அவனாலயும் ஆண்டவரைக் காப்பாத்த முடியல."

"யாரு சிஸ்டர் அது?"

"பேர் எழுதல அண்ணே."

தொம்மை மணலில் இறங்கி நடந்தார். சிலுவை சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அதை எடுத்துப் போங்கள் என்று சிஸ்டர் சொல்லவில்லை. உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து எல்லாப் பாகத்தையும் தனியாக வாசித்து முடித்தார்.

பஸ் பிடித்து வீடு சேரும்போது தெருவில் ஒரு சத்தமில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது.

கட்டிலில் சலேத்து கண் மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கிண்ணத்துத் துணி காய்ந்துபோயிருந்தது.

காலடி கேட்டு அவள், "யாரு?" என்றாள்.

தொம்மை கட்டிலருகே உட்கார்ந்தார். துணியை நனைத்தார். அவள் உதட்டில் வைத்தார். நாக்கு வெளியே வந்து தேடியது. இந்த முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"நீங்களா," என்றாள்.