டாக்டர் எழுதிக் கொடுத்த வார்த்தை

"கை நடுங்குதும்மா. நாளைக்குள்ள நிக்கணும்."

சொன்னவர் செஷன்ஸ் நீதிபதி தாண்டவராயன். வயது ஐம்பத்தெட்டு. அக்குளில் ஒரு கேஸ் கட்டு.

எதிரே இருந்தவள் ஆற்றங்கரை மடத்து வடிவம்மை. அவரைவிட இருபது வயது இளையவள். ஏழு வருடமாக அவருக்குக் குரு. குரு என்றால் நம்பமாட்டீர்கள், அப்போதும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டுதான் இருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ட்ரெமர்னு எழுதிக் கொடுத்தார்."

"அப்படின்னா?"

மனிதருக்கு அகராதிப் பைத்தியம். கேட்டதும் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

"இங்கிலீஷ் வார்த்தை. லத்தீன்லேர்ந்து வந்தது. நடுங்குறதுன்னு அர்த்தம். கிரேக்கத்துலயும் இதே வேர் இருக்கு. ஆள் பயத்துல நடுங்கினாலும் அதுதான், பூமி நடுங்கினாலும் அதுதான்."

"வார்த்தைக்கு அவ்வளவு தூரம் போய்ப் பாத்திருக்கீங்க. கைக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கலையா?"

அவர் அக்குளில் இருந்த கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"காபி டம்ளரைத் தூக்கும்போது நடுங்குதா?"

"இல்லை."

"சவரம் பண்ணும்போது?"

"இல்லை." கட்டைக் கீழே வைத்தார். "இதைத் தொட்டாத்தான்."

கொலை வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு இருபத்துமூன்று வயசு. நாளை தீர்ப்பு. தூக்கு என்று டைப் ஆகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

"முன்னாடி இப்படித் தீர்ப்புக் குடுத்திருக்கீங்களா?"

"ஒரே தடவை. பத்து வருஷமாச்சு. கையெழுத்துப் போட்டு, வழக்கப்படி பேனா முள்ளை உடைச்சேன்."

"பேனா என்ன பாவம் பண்ணுச்சு?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த ஆள் ஜெயில்லயே செத்துட்டான். அப்புறம் வேற ஒரு கேஸ்ல ஒருத்தன் பிடிபட்டான். அந்தப் பழைய கொலையையும் நான்தான் செஞ்சேன்னான்."

இத்தனை வருடத்தில் இதை அவளிடம் சொன்னதில்லை. பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே செத்துப்போகலாம் என்றிருந்தார் பாவி.

"மேல்கோர்ட்டும் சரின்னுதானம்மா சொன்னாங்க..."

அவள் அடுத்த கீரைக்கொத்தை எடுத்தாள்.

"பயமா இருக்கும்மா. அத்தனை வக்கீல் பாத்துக்கிட்டிருப்பாங்க. கை ஆடினா மானம் போயிடும். மந்திரம், மூச்சுப் பயிற்சி, எதுவா இருந்தாலும் குடுங்க. நடுக்கம் நின்னாப் போதும்."

வடிவம்மை கீரையை ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டப்ப நடுங்கிச்சா?"

தாண்டவராயன் கீழே வைத்த கட்டை எடுத்து மடியில் வைத்தார். பிறகு கட்டின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். கை ஆடின ஆட்டத்தில் முடிச்சு லேசில் அவிழவில்லை. அவிழ்ந்ததும், முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.