நுரையீரலும் உறையும்

செங்கோட்டைப் பக்கம் ஒரு நர்சரியில் செடிகளுக்கு மண் கலக்கும் வேலை பேச்சியம்மாளுக்கு. அவள் நெஞ்சுக்குள் ஒரு நுரையீரலும் அதைச் சுற்றிய மெல்லிய உறையும் ஐம்பத்திரண்டு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தன. நுரையீரலுக்கு வலிக்கத் தெரியாது. அதற்கும் சேர்த்து உறைதான் வலிக்கும்.

மூட்டுவாதத்துக்கு அவள் சாப்பிட்ட மாத்திரைகளில் உடம்பின் காவல்காரர்கள் அசந்துபோயிருந்தார்கள். ஒரு நாள் காய்ந்த எருவைக் கொட்டும்போது, தூசியோடு அபூர்வமான கிருமி ஒன்று உள்ளே வந்தது.

"மண்ணில் இருக்கிறவன். யாரும் தடுக்கவில்லை, வந்துவிட்டேன்" என்றது.

நுரையீரல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தன. கிருமி ஓரத்துக்கு நகர்ந்ததும் ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலில் உரசி உறை வலித்தது.

"ஏன் இப்படி அலறுகிறாய்? அவள் மூச்சுவிடவே பயப்படுகிறாள்" என்று நுரையீரல் கடிந்துகொண்டது.

"நான் சும்மா இருந்தால், நீ கெட்டுப்போவது அவளுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் சுடலைமுத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். நாற்று அனுப்புகிற நேரம், அப்புறம் போகலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். நாலாம் நாள் வலி தானாகவே போய்விட்டது. சுடலைமுத்து நிம்மதியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

நுரையீரலும் நிம்மதியடைந்தது. "நல்லவேளை, அடங்கிவிட்டாய்" என்றது.

உறையின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "நான் அடங்கவில்லை. நமக்கு நடுவே சீழ் கட்டிவிட்டது. உன்னைத் தொடவே முடியவில்லை."

நுரையீரல் விரியப் பார்த்தது. முடியவில்லை. மறுநாள் காலையில் பேச்சியம்மாளால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. சுடலைமுத்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் சீழை வடிக்க விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகினார். குழாய் நுரையீரலிடமும் உறையிடமும் சொன்னது: "நான் தங்க வரவில்லை. நீங்கள் சேர்ந்ததும் போய்விடுவேன்."

என்ன கிருமி என்று பார்க்கச் சீழைத் தடவி வைத்த தட்டில் இரண்டு நாளாக எதுவும் வளரவில்லை. லேபிலிருந்த பெண்ணுக்கு வழக்கப்படி அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, கிருமி அகப்பட்டது. அதைத் துரத்த ஆறு மாத மாத்திரை தேவைப்பட்டது. ஒரு வேளையும் தவறாமல் சுடலைமுத்து எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் மாத்திரை முடிவதற்கு வெகு முன்பே, குழாய் போட்ட எட்டாம் நாள், டாக்டர் அவளை நன்றாக மூச்சை இழுக்கச் சொன்னார். நுரையீரல் மெல்ல விரிந்தது. தடவித் தடவிப் போய் உறையைத் தொட்டது.

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கியது. "திரும்ப வலிக்கு டாக்டர்."

சுடலைமுத்து பதறிப்போய் எழுந்தார்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "நுரையீரல் விரிஞ்சு உறையைத் தொட்டிருக்கு. அதான் வலி. நாளைக்குக் குழாயை எடுத்துடலாம்."

உள்ளே உறை கூச்சத்தோடு கேட்டது: "ரொம்பக் கத்திவிட்டேனா?"

"கத்து" என்றது நுரையீரல். "பக்கத்தில் இருந்து கத்து."

பேச்சியம்மாள் இன்னொரு முறை, இன்னும் ஆழமாக, மூச்சை இழுத்தாள்.