இருநூற்றுப் பன்னிரண்டாவது தேங்காய்

உடுமலைப்பேட்டைப் பக்கம் நாச்சிமுத்து என்று ஒருத்தர். எந்தக் கம்பெனிக்கும் போகாமல், வீட்டு மாடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர். நாலு வருஷமாக எழுதியது ஒரே ஒரு மென்பொருள்தான். தேங்காய்க் குவியலுக்கு நேராகச் செல்போனைப் பிடித்தால் போதும், குவியலில் எத்தனை காய் என்று திரையில் எண் வந்துவிடும்.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு போட்டோ வைத்திருந்தார். முதல் வருஷம் ஒரு தோப்புக் களத்தில் எடுத்தது. நடுவில் குவியல், பக்கத்தில் சுருண்டு தூங்கும் ஒரு பழுப்பு நாய், ஓரத்தில் பாதிக் கட்டைவிரல். விரல் நாச்சிமுத்துவுடையதுதான், அவசரத்தில் உள்ளே வந்துவிட்டது. மென்பொருள் அந்தப் போட்டோவைப் பார்த்து 212 என்றது. மறுநாளும் 212 என்றது. நாலு வருஷமும் அதையே சொன்னது. தினமும் ஒரே பேச்சுப் பேசுகிற ஒன்று எப்படித் தப்பாக இருக்கும் என்று அவர் அந்தக் காய்களைக் கையால் எண்ணிப் பார்க்கவே இல்லை. சிரிக்காதீர்கள், பெரிய படிப்புப் படித்தவர்.

இந்த நிலையில் கோயமுத்தூரில் ஒரு மென்பொருள் மாநாடு. நாச்சிமுத்துவுக்கு மேடையில் ஏழு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஏழு நிமிஷம் என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. மனைவி அமுதவல்லியிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மாநாட்டில் ஒரே ஒருத்தராவது "இது எனக்கு வேணும்" என்று கேட்காவிட்டால், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மாமனாரின் அரிசி மில்லுக்கு மேனேஜராகப் போய்விட வேண்டும். மாமனார் வெங்கிடுசாமி அதற்காக ஒரு நாற்காலி வாங்கி, வேறு யாரும் உட்காராமல் இருக்க அதில் துண்டு போட்டு, ரெண்டு வருஷமாக வைத்திருந்தார்.

சொந்த மகன்கள் மூன்று பேர் இருக்கும்போது மருமகனுக்கு எதற்கு நாற்காலி என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒருநாள் வெங்கிடுசாமி மூத்தவன் ஆறுக்குட்டியை மில்லில் உட்கார வைத்து, நான் வருகிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தபோது தவிட்டு மூட்டைகள் பாதி எரிந்திருந்தன, ஆறுக்குட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடு மகன் மயிலுச்சாமியும் சின்னவன் ரங்கசாமியும் பக்கத்தில் நின்று, அண்ணன் அசைந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று மச்சான்களையும்தான் மாமனார் மாநாட்டு வேலைக்கு ஒத்தாசையாக அனுப்பி வைத்தார். கிளம்பும்போது அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கட்டளையும் போட்டார்.

"மேடையேறி எறங்கியும் ஆருக்கும் வேண்டாம்னு ஆச்சுன்னா, வேற எங்கயும் விட்டுறாதீங்க. நேரா மில்லுக்குக் கூட்டியாந்து அந்த நாற்காலில உக்கார வையுங்க."

சரிங்கப்பா என்று மூவரும் தலையாட்டினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு மச்சான்களைப் பற்றித் தெரியும். தெரிந்தும் ஏமாந்தார். சொன்னதை மட்டும் செய்வது கம்ப்யூட்டரின் குணம், அதோடு நாலு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு மூன்று மச்சான்களை மேய்க்க முடியாதா என்று ஒரு தெம்பு. மொத்தம் மூன்று கட்டளைதான் சொன்னார்.

முதலாவது, பேச்சு நடுவில் மறந்துபோனால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அதனால் நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கைதட்டுங்கள். இரண்டாவது, இந்தப் போட்டோவில் எப்படி இருக்கிறதோ அப்படியே மேடையில் இருக்க வேண்டும், துளி மாறக் கூடாது. மூன்றாவது, எனக்குப் படபடப்பு ஜாஸ்தி, அதனால் எந்தச் சிக்கல் வந்தாலும் என்னிடம் கொண்டு வராதீர்கள், நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டளை அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டிலேயே அமலுக்கு வந்தது. நாச்சிமுத்து ரசச் சோற்றுக்கு நடுவில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கியதும் மூவரும் இலையிலிருந்து கையெடுத்துப் படபடவென்று தட்டினார்கள். சுவரெல்லாம் ரசம். அமுதவல்லி துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், புருஷனுக்கு வாசலில் வைத்துத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தாள். அங்கே போயும் தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருவாரம் பார்த்துவிட்டு, இவருக்கு ஏதோ விருது வந்திருக்கிறது போல என்று சால்வை போர்த்திவிட்டுப் போனார்.

இரண்டாவது கட்டளைக்குப் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார்கள். ஒவ்வொரு காய்க்கும் சாக்பீஸால் எண் போட்டு, போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அதே வரிசையில் அடுக்கினார்கள். நாயும் அங்கேயே இருந்தது. பெயர் ஜம்பு. நாலு வருஷத்தில் நன்றாகச் சதை போட்டிருந்தது. இது போட்டோவில் இருப்பதை விடக் குண்டாக இருக்கிறதே, துளி மாறக் கூடாது என்றாரே என்று மயிலுச்சாமிக்குக் கவலை. ஆறுக்குட்டி யோசித்து, போட்டோவில் விரல் காட்டும் மாப்பிள்ளையும் இப்போது குண்டுதான், எல்லாம் ஒரே அளவில் பெருத்திருப்பதால் கணக்குச் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார்.

சிக்கல் கடைசிக் காயில் வந்தது. போட்டோவில் இருந்த எல்லாக் காயும் அடுக்கி முடிந்தது. சாக்பீஸ் எண் 211-ல் நின்றது. மூவரும் குவியலைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கொறையுதே," என்றார் மயிலுச்சாமி. "மாப்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"சிக்கல எங்கிட்டக் கொண்டாராதீங்கன்னு சொன்னாரல்லோ," என்றார் ஆறுக்குட்டி.

"அப்ப இன்னொரு காயப் போட்டுறலாம்."

"போட்டோவுல இல்லாத காய எப்படிப் போடறது? துளி மாறக் கூடாது."

சின்னவன் ரங்கசாமி தொண்டையைச் செருமினார். "மிசினு பொய் சொல்லாது. எரநூத்திப் பன்னண்டுன்னா எரநூத்திப் பன்னண்டுதான். இங்க இருக்கறது எரநூத்திப் பதினோரு காயும் ஒரு நாயும். அப்ப நாயும் ஒரு காய்தான்."

மற்ற இருவரும் ஜம்புவைப் பார்த்தார்கள். அது கொட்டாவி விட்டது. அப்படியே முடிவாயிற்று. ரங்கசாமி அதன் முதுகில் சாக்பீஸால் 212 என்று எழுதப் பார்த்தார், ரோமத்தில் நிற்கவில்லை.

மாநாட்டு அன்று குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் காயும் நாயும் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தன. மேடையேறுகிறவர்கள் அனைவரும் கழுத்தில் அட்டை மாட்டியிருக்க வேண்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. மச்சான்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு அட்டை வாங்கினார்கள். ஜம்புவுக்கும் ஒன்று எழுதி வாங்கினார்கள். திரு. ஜம்பு, உடுமலைப்பேட்டை. வாசலில் நின்ற காவலாளி அட்டையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், அட்டை சரியாக இருந்ததால் உள்ளே விட்டார்.

நாச்சிமுத்து பெயர் கூப்பிட்டதும் கும்பிட்டுக்கொண்டே மேடையேறினார். ஏறியவருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. மேடை நடுவில் குவியல். ஒவ்வொரு காயிலும் எண். பக்கத்தில் சுருண்டு தூங்கும் ஜம்பு. போட்டோ காலை பத்து மணிக்கு எடுத்தது, இப்போது மத்தியானம் மூன்று, அதனால் காலை நேரத்து நிழலை மயிலுச்சாமி கரித்துண்டால் தரையில் வரைந்து வைத்திருந்தார். செல்போன் நிறுத்திய கம்பிக்குப் பக்கத்தில் ஆறுக்குட்டி நின்று, கட்டைவிரலைப் பாதி மட்டும் கேமராவுக்குள் நீட்டியபடி விறைத்திருந்தார்.

இனி இறங்க வழியில்லை. நாச்சிமுத்து பேசினார், செல்போனை இயக்கினார். பின்னால் பெரிய திரையில் எண் வந்தது. 212. நாலு வருஷமாகப் பார்த்த அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதல்.

முன் வரிசையில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த நடுவர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஆனா காய் மேல கடைசி நம்பர் 211-னு இருக்குங்களே?"

நாச்சிமுத்துவின் கண்முன்னே மில்லும் நாற்காலியும் துண்டும் வந்து நின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். மூன்று மச்சான்களும் கைதட்டினார்கள். ஆறுக்குட்டி விரலை எடுக்க முடியாததால் மற்ற கையால் தொடையில் தட்டினார். ஏதோ பெரிய விஷயம் நடந்திருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துச் சபையும் தட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும் ரங்கசாமி எழுந்து, நடுவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். "நாயோட சேத்தி எரநூத்திப் பன்னண்டுங்க."

அத்தனை சத்தத்தில் ஜம்புவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. எழுந்து உடம்பை உதறி, கழுத்து அட்டை ஆட, மேடையை விட்டு இறங்கிப் போனது. திரையில் எண் மாறியது. 211.

மண்டபமே சிரித்தது. நாலு வருஷமாக நாயைத் தேங்காய் என்று எண்ணியிருக்கிறோம் என்பது நாச்சிமுத்துவுக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. லேப்டாப்பை மூடக் கை போன நேரத்தில், ஆறாவது வரிசையில் ஒருத்தர் எழுந்தார். ஏதோ ஒரு நகராட்சியின் சுகாதார அதிகாரியாம்.

"தம்பி, உங்க மிசினு எத்தனை நாய எண்ணுச்சு?"

"ஒண்ணுங்க."

"மேடைல எத்தனை நாய் இருந்துச்சு?"

"ஒண்ணுங்க."

"அப்பறம் என்ன தப்பு?" என்று அதிகாரி சபையைச் சுற்றிப் பார்த்தார். தேங்காய் போட்ட இடத்தில் கிடக்கும், அதை எவன் வேண்டுமானாலும் எண்ணலாம், தெருநாயை எண்ணத்தான் ஆறு மாசமாக ஆள் தேடுகிறேன், இது எனக்கு வேணும் என்றார். தேங்காயையும் சேர்த்து எண்ணிவிடுமே என்று நடுவர் அம்மாள் கேட்டார். எங்கள் ஊர்த் தெருவில் தேங்காய் திரிவதில்லை என்று அதிகாரி பதில் சொன்னார்.

நாச்சிமுத்து அவர் கையைப் பிடித்தவர் விடவில்லை. அன்று முழுக்க அவரோடேயே சுற்றி, மறுநாள்தான் ஊருக்கு வந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அரிசி மில்லுக்குப் போனார். நாற்காலி தனக்கு வேண்டியதில்லை என்று மாமனாரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ரெண்டு வருஷத்து ஆசை.

அங்கே நாற்காலியில் துண்டு இல்லை. துண்டு ஜம்புவின் தோளில் இருந்தது. ஜம்பு கழுத்து அட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மூன்று மச்சான்களும் சுற்றி நின்றிருந்தார்கள். எங்களைத் தவிர மேடை ஏறியது ரெண்டு பேர், மாப்பிள்ளையை ஒருத்தர் வேண்டும் என்று கேட்டுவிட்டார், இதை யாரும் கேட்கவில்லை, அப்பா சொன்னபடி நேராகக் கூட்டி வந்துவிட்டோம் என்று ஆறுக்குட்டி விளக்கினார்.

மாமனார் என்ன சொல்வாரோ என்று நாச்சிமுத்து பயந்தார். ஆனால் வெங்கிடுசாமிக்கு முழுத் திருப்தி. காலையிலிருந்து லாரி வந்தால் எழுந்து பார்க்கிறது, கண்டவனை உள்ளே விடுவதில்லை, மூட்டை எரிந்தால் ஓடிவிடும் அளவுக்குப் புத்தியும் இருக்கிறது, பெற்ற மூன்றையும் விட மேல் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

நாச்சிமுத்துவுக்குத் தொழில் புத்தி போகுமா. செல்போனை எடுத்து நாற்காலிக்கு நேராகப் பிடித்தார். திரையில் வந்தது: தேங்காய் 1.

மாமனார் எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏனுங் மாப்ள, மில்லுக்கு மேனேஜரா வந்தவரப் போயித் தேங்காய்ங்கலாமுங்களா?"