ஊதா ஜாக்கெட்

செண்பகவல்லி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, மூணு பேரு மூணு மாதிரி சொல்லுதாங்க. யாரு சொல்றதக் கேக்க?"

பதில் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. மடத்தின் பின்புறம் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தரையில் சாய்த்துப் போட்டு, இடுப்புவரை உள்ளே நுழைந்து பாசி தேய்த்துக்கொண்டிருந்தார் பூரணியம்மா. வெளியே தெரிந்தது இரண்டு பாதங்களும் நனைந்த வெள்ளைச் சேலையின் ஓரமும்தான்.

"எந்த மூணு பேருக்கா?"

அந்த மடத்தில் சிஷ்யைக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு நாற்பத்தொன்று. கோவில்பட்டியில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கும் செண்பகவல்லி, ஆறு வருஷத்துக்கு முன் மடத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்க வந்தாள். அன்றைக்கு ஏதோ நினைத்துச் சற்று நேரம் உட்கார்ந்தவள், அதன் பிறகு ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்தாள். இவள் அம்மா என்பாள். அவர் அக்கா என்பார். இருவருக்கும் அதில் குழப்பம் இருந்ததில்லை.

தொட்டியைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மனசில் கிடந்தது மூன்று மாத எரிச்சல். அதற்கு முன்னால் இது ஒன்றுமில்லை. கொட்டித் தீர்த்தாள்.

மூன்று பேருமே போனில் பார்க்கிற வீடியோக்களில் வந்தவர்கள். முதல் ஆள் கோட்டு போட்டிருந்தார், பின்னால் ஒரு புத்தக அலமாரி இருந்தது. தொழில் நடத்துவது எப்படி என்று தினமும் பேசுவார். எல்லாவற்றையும் தைக்கிற கடையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஒன்றை மட்டும் பிடி, அதில் ராணியாக இரு என்றார். செண்பகவல்லிக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாளே 'கல்யாண ஜாக்கெட் மட்டும்' என்று பலகை எழுதி மாட்டினாள்.

அது மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். யூனிபார்ம் துணியோடு வந்த தாய்மார்கள் பலகையைப் படித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைக்க வந்தவர்களும், பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்க வந்தவர்களும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். ஆனியில் இரண்டு கல்யாண வேலை வந்தது. அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? கோட்டுக்காரருக்கு அது தோன்றவில்லை. இத்தனை வருஷமாக ஆடி மாதத்தில் யூனிபார்மும் ரிப்பேரும் பார்த்தே கடையை ஓட்டிய இவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இரண்டாவது ஆள் ஒரு சின்னப் பெண். ஏதோ வெளிநாட்டிலிருந்து பேசுகிறாள். தொழில் தெரிந்தால் போதாது, முகம் தெரிய வேண்டும், தினம் ஒரு வீடியோ போடு என்றாள். செண்பகவல்லி தையல் மிஷினுக்கு முன்னால் நின்று பதினான்கு தடவை சிரித்துப் பார்த்தாள். பதினைந்தாவது தடவை ஓரளவு சரியாக வந்தது, அதைப் போட்டாள். சிவகாசியிலிருக்கிற தங்கச்சி மகன் மட்டும் பதில் எழுதியிருந்தான். பெரியம்மா, உடம்பு சரியில்லையா?

தொட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

"சிரிக்காதீங்கம்மா."

மூன்றாவது ஆள்தான் இப்போதைய பிரச்சினை. ஒரு கடை ஏன் படுக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தார் அவர். அங்கே மெதுவாக ஓடுகிற கை ஒன்று இருக்கும், அது யார் என்று பார், இரக்கம் பார்க்காமல் அனுப்பு. செண்பகவல்லி கடையில் யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று போனில் மணி பார்த்துக் குறித்தாள். மெதுவான கை ஜெசிந்தாவுடையதுதான். பதினோரு வருஷமாகக் கொக்கி வைப்பதும் கை ஹெம்மிங்கும் அவள் பொறுப்பு. அரை மணியில் முடிகிற வேலையை ஒன்றரை மணி இழுப்பாள். தைத்ததை எடுத்துக் கொடுத்து அனுப்பினால் ஆயிற்று, செய்ய மாட்டாள். வந்தவர்களைப் போட்டுப் பார்க்கச் சொல்வாள். கையைத் தூக்குங்க, எங்க பிடிக்குது என்று கேட்பாள். அவர்கள் கக்கத்தில் பிடிப்பதைச் சொல்வார்கள், அப்படியே மாமியாரையும் சொல்வார்கள். ஜெசிந்தா நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. இனிமே வர வேண்டாம்னு இன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போயிச் சொல்லிரலாம்னு இருக்கேன். மூணாவது ஆளு சொன்னதக் கேட்டா அவ போகணும். மொத ஆளு சொன்னதக் கேட்டாலும், வர்ற ஒண்ணு ரெண்டு கல்யாண ஜாக்கெட்டுக்கு நானே போதும், அவளுக்கு வேலை இல்ல. ரெண்டாவதுக்கு அவ இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். நான் என்ன செய்யட்டும்?"

தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

"அம்மா, கேக்கீங்களா?"

"தொட்டிக்குள்ள எல்லாம் ரெண்டு தடவ கேக்குதுக்கா."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சிடுதேன். யோசிக்கக்கூட மாட்டேன்."

சத்தம் நின்றது. பூரணியம்மா பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார். நெற்றியில் பாசி ஒட்டியிருந்தது. சிஷ்யையை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கருணை எதுவும் இல்லை.

"அப்ப நான் நாலாவது ஆளாக்கா?"

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. வெயிலில் பஸ் பிடித்து வந்ததற்கு இதுதானா? வேறு மடமென்றால் ஒரு சிட்டிகை விபூதியாவது கொடுத்து, நல்லதே நடக்கும் என்று அனுப்பியிருப்பார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கும்போதே பூரணியம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. அதன் மேல் ஊதாப் பட்டு ஜாக்கெட் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"வந்தது வந்தீங்க. எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுங்க. துணி இது. அளவு ஜாக்கெட் இது."

செண்பகவல்லி வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினாள். ஆனால் ஊதா ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் அவளை அறியாமல் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தையல்காரிகள் முதலில் பார்ப்பது உள்பக்கத்தைத்தான். லைனிங் சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு பிசிறு வெளியே நீட்டவில்லை. கழுத்தைச் சுற்றி ஜரிகையில் மல்லிகை மொட்டுகள், ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல்.

"யாரு தைச்சதும்மா? நல்ல கை."

"தெரியாதுக்கா. யாரோ குடுத்த பழைய துணி மூட்டையில இருந்துச்சு. இத அளவா வச்சு வெட்டிருங்க."

செண்பகவல்லி ஜாக்கெட்டை விரித்துக் குருவின் தோளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது உங்க அளவு இல்லையே."

"நல்லா தைச்சிருக்குன்னு இப்பத்தான சொன்னீங்க."

"தையல் நல்லாத்தான் இருக்கு. அளவு வேறல்லா. இதப் போட்டவ ஒல்லி, தோளு குறுகல். உங்களுக்குக் கையே நுழையாது."

"பட்டு அக்கா இது. கழுத்துல எவ்வளவு வேலை. பாத்தவங்க எல்லாரும் மெச்சிருப்பாங்க."

"மெச்சட்டும். அதுக்காக?" செண்பகவல்லிக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மூன்று மாதத்தில் யார் மேலும் காட்ட முடியாமல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றது. "எவ அளவுன்னே தெரியாம எப்படிம்மா கத்திரி வைக்க? வெட்டிட்டா வெட்டினதுதான். அப்புறம் ஒட்டுப் போட்டுக்கிட்டு அலைவீங்களா? உங்களுக்குத் தொட்டி தேய்க்கத்தான் தெரியும். பேசாம இருங்க."

ஆறு வருஷத்தில் குருவை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை.

பூரணியம்மா அவள் சொன்னபடியே பேசாமல் இருந்தார்.

தொட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி இன்னும் ஒரு வார்த்தை திட்ட வாயெடுத்தாள். எவ அளவுன்னே தெரியாம என்று தான் சொன்னதே அவள் காதில் திரும்பக் கேட்டது. கையிலிருந்த ஊதா ஜாக்கெட்டைப் பார்த்தாள். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பைக்குள் போன் எதற்கோ ஒரு தடவை ஒலித்து அடங்கியது. எடுக்கவில்லை.

குரலை இறக்கிக் கேட்டாள்.

"அப்ப அவங்க மூணு பேரும் சொன்னதெல்லாம் பொய்யாம்மா?"

பூரணியம்மா அவள் கையிலிருந்து ஜாக்கெட்டை வாங்கினார். பழைய மடிப்பு கலையாமல் மடித்தார்.

"இது மோசமான ஜாக்கெட்டாக்கா?"

செண்பகவல்லிக்கு மறுபடி கோபம் வந்தது. இந்தத் தடவை யார் மேல் என்று தெரியவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் கைக்கு வேலை வேண்டும். பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்து உதறினாள்.

"நேரா நில்லுங்க. கூனாதீங்க."

தோளை அளந்தாள். மார்பைச் சுற்றி அளந்தாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டாள். ஈரச் சேலையிலிருந்து பாசி வாடை அடித்தது.

"கையைத் தூக்குங்க. எங்க பிடிக்குது?"

"வலது தோள்ல. தொட்டி அடிய எட்டித் தேய்க்கையில இழுக்கும்."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அப்ப வலது கைக்கு ஒரு விரக்கடை அகலம் கூட விடணும். ரெண்டு கையையும் ஒரே மாதிரி வெட்டினா உங்களுக்குச் சரிப்படாது."

குறித்துக்கொண்டாள். வெள்ளைத் துணியைப் பைக்குள் வைத்தாள். வேலை கையில் வந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"புதன்கிழமைக்கு ஆயிரும். கொக்கி வைக்கிறதுக்கு முன்னால ஜெசிந்தாகிட்டக் குடுத்து அனுப்புதேன். போட்டுக் காட்டுங்க. அவ கேட்டுப் பாத்துட்டாத்தான் எனக்குத் திருப்தி."

பூரணியம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். தலை, தோள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போயின. பாதங்கள் மட்டும் வெளியே நின்றன.

"புதன்கிழமை அவ இருப்பாளாக்கா?"

குரல் உள்ளே ஒரு தடவை சுற்றி வந்து மறுபடியும் கேட்டது.

சாயங்காலம் ஜெசிந்தா வீட்டுக்குப் போய்ச் சொல்ல இருந்தது செண்பகவல்லிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. டேப்பைச் சுருட்டினாள். அவிழ்த்தாள். திரும்பச் சுருட்டினாள்.