சார் உட்காரும் வரை

சென்னையில் பேர்போன ஒரு பல்கலைக்கழகம். அங்கே விலங்கியல் துறைத் தலைவர் சேதுநாராயணன் வைத்ததுதான் சட்டம். கருத்தரங்கில் அவர் உட்காரும் வரை ஆராய்ச்சி மாணவர்கள் யாரும் உட்காரக்கூடாது. அவரோ ஒருநாளும் நேரத்துக்கு வந்தவரில்லை.

மாணவி பூங்கோதை ஏழு மாதக் கர்ப்பிணி. போன மாதம் கால் வீங்கிப்போய், அவர் வருமுன் உட்கார்ந்துவிட்டாள். "மரியாதை தெரியாதவளுக்கு டாக்டர் பட்டம் எதுக்கு?" என்று அவள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டும் மசியவில்லை.

இந்த மாதக் கருத்தரங்குக்குத் துணைவேந்தர் அம்மா திடீரென்று வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், நாற்காலியெல்லாம் காலி, பிள்ளைகள் நிற்கிறார்கள்.

"ஏம்மா, இந்த வயித்தோட நிக்கிறே? உட்காரு."

"வேண்டாங்கம்மா," என்றாள் பூங்கோதை பணிவாக. "சாருக்கு முன்னாடி உட்கார்றது மரியாதை இல்லைன்னு போன மாசம்தான் கத்துக்கிட்டேன். என் ஆய்வேடு இன்னும் கையெழுத்தாகாம அவர் மேசையிலதான் இருக்கு."

துணைவேந்தர் மெல்ல எழுந்து, அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் காபி குடித்த வாயைத் துடைத்தபடி சேதுநாராயணன் உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உட்காருங்க சார்," என்றார் துணைவேந்தர். "நீங்க உட்கார்ந்தாத்தான் இந்தப் பொண்ணு உட்கார முடியுமாம். உட்கார்ந்து அந்தக் கையெழுத்தையும் போட்டுடுங்க."

எத்தனையோ வருஷமாக எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்த மனுஷன். அன்றைக்கு அவருக்குக் கால் மடங்கவில்லை.